கொட்டாத தண்ணீர்

சாம்பியன் ரீப்ஸில் ஆஷா சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்த பிறகு நளினி எத்தனையோ காய்ச்சல்களைப் பார்த்துவிட்டாள். ஆனால் அந்த மழைக்காலத்தில், அவள் லைனிலேயே இருக்கும் சரோஜம்மாவின் மருமகள் ஷில்பாவை டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது லைனே ஆடிப்போயிற்று. பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக் குடியிருப்பு அது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டச் சொல்லுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. குழாயில் தண்ணீர் வருவதோ வாரத்தில் ஒரு நாள். சில வாரம் அதுவும் கிடையாது. அதனால்தான் வாசலுக்கு வாசல் நீல ட்ரம்கள் நின்றன. நளினி வீட்டிலும் நின்றன.

சரோஜம்மா தன் ட்ரம்முக்குக் குறுக்கே நின்றுகொண்டாள்.

“இன்னா நளினி, கொட்டச் சொல்றியா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்ற பொண்ணுக்குக் கஞ்சி வெக்க நா தண்ணிக்கு எங்க போவேன்?”

நளினி திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து தன் ட்ரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். நூல்நூலாகப் புழுக்கள் நெளிந்தன. ஊருக்கெல்லாம் சொல்கிற தன் வீட்டிலேயே இப்படியா என்று அவளுக்கு உடம்பு கூசியது. கணவனின் பழைய வெள்ளை வேட்டியை அண்டாவின் வாயில் கட்டி, தண்ணீரை மொண்டு மொண்டு வடிகட்டினாள். புழுக்கள் துணியில் நின்றன. தண்ணீர் அண்டாவில் சேர்ந்தது.

மறுநாள் காலை அதே வேட்டியோடு சரோஜம்மாவின் வாசலில் போய் நின்றாள்.

“ஒரு சொட்டுகூட கீழ போவாதுக்கா. நா பொறுப்பு.”

நளினி ட்ரம் தண்ணீரை வடிகட்ட, வேட்டியில் துள்ளிய புழுக்களைப் பார்த்ததும் சரோஜம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஐயோ, இதையா அந்தப் பொண்ணுக்குக் குடிக்கக் குடுத்தேன்?”

“குடிச்சதால வரலக்கா. இது கொசுவாயி, காய்ச்சக்காரங்கள கடிச்சிட்டு நம்மளக் கடிக்குது பாருங்க, அதாலதான் வருது.”

நளினி புழுக்களை வெயிலில் காய்ந்த தரையில் உதறினாள். முட்டை ஒட்டியிருக்கும் என்று ட்ரம்மின் உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தாள். தண்ணீரைத் திரும்ப ஊற்றி, வாயைத் துணியால் மூடி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினாள். சரோஜம்மாவே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். இரண்டு மூன்று நாளில் லைன் முழுக்க ட்ரம்கள் துணி கட்டி நின்றன.

அப்படியும் கோடிவீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நளினிக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே விட்டோம் என்று லைனை ஒரு முறை சுற்றி வந்தாள். மாணிக்கராஜின் வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் பெங்களூருக்குப் போய் வருஷமாகிறது. அவனுக்குப் போன் செய்தாள்.

“ஞாயித்துக்கிழமை வந்து தெறக்கறேன்க்கா.”

“அதுவரிக்கும் கொசு காத்துக்கினு இருக்குமா தம்பி? பின்னாடி சுவரேறிப் போயி பாக்கட்டுமா?”

“நீங்களா? பாத்துக்கா, வுழுந்துடப் போறீங்க!”

ஐம்பதை நெருங்கும் நளினி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சரோஜம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் முனக முனக மதிலேறி அந்தப் பக்கம் இறங்கினாள். புறக்கடையில் மூடியில்லாத சிமெண்டுத் தொட்டி, மழைநீர் நிரம்பி, புழுவால் கறுத்துக் கிடந்தது. யாருக்கும் வேண்டாத தண்ணீர். அடைப்பைப் பிடுங்கிவிட்டு, தொட்டி வறண்டு தரை தெரியும்வரை துடைப்பத்தால் தள்ளினாள். ஆட்டுக்கல் குழியில் மண்ணை நிரப்பி, பழைய டயரிலிருந்த நீரை வடித்து மழை படாத இடத்தில் வைத்தாள். மனசு லேசாயிற்று.

அதன்பின் அந்த லைனில் புதிதாக யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. கோடிவீட்டுக் குழந்தை பிழைத்தது. இளைத்துப்போய் வீடு திரும்பிய ஷில்பாவுக்கு, சரோஜம்மா துணி கட்டிய ட்ரம்மிலிருந்து தண்ணீர் எடுத்துக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை ட்ரம் தேய்க்கும் நாள் என்று பெண்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள். நளினி இப்போது மாரிகுப்பம் பக்கத்து லைன்களுக்கும் போகிறாள். அங்கே முதல் வாசலில் ஒரு கிழவர் அவளைத் திட்டித் துரத்தினார். மறுநாளும் அவர் வாசலில்தான் போய் நின்றாள்.