எட்டாவது பிள்ளையும் பன்னிரண்டாவது ஆளும்

ஒஸ்லோவில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளின் உதைபந்தாட்டம் பார்க்க வரும் பெற்றோர், கோப்பிக் கோப்பையும் கையுமாக மூச்சுக் காட்டாமல் நிற்பார்கள். எதிர்ப்பக்கம் கோல் போட்டாலும் கை தட்டுவார்கள். எனக்கு இது இன்னும் பழகவில்லை. ஒருமுறை நான் போட்ட சத்தத்தில் வெட்கப்பட்ட என் பத்து வயது மகள் அபி, ஹவுகெட்டோ மைதானத்தில் ஆட்டம் நடந்த அன்று கட்டளை போட்டாள்.

"அப்பா, இண்டைக்கு வாயைத் திறந்தீங்கள் எண்டால் இனி மாட்ச் பாக்க வரக்கூடாது. சரியோ?"

"ஓம் பிள்ளை. வாயிலை கோப்பிதான் இருக்கும்."

கிழமை முழுக்க நான் பஸ் கழுவுகிறவன். எனக்கு மிச்சமிருக்கிற ஒரே விளையாட்டு அந்தச் சனிக்கிழமைதான். அதனால் அபியின் பக்கம் நாலு கோல் போட்டபோதும் சந்தோசத்தைக் கோப்பியோடு சேர்த்து விழுங்கினேன். திடீரென்று மைதானத்தில் சனம் கூடின மாதிரி இருந்தது. எண்ணினேன். இந்த வயதில் பக்கத்துக்கு ஏழு பேர்தான் ஆடவேண்டும். எங்கள் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் எட்டு. திரும்ப எண்ணினேன். எட்டேதான். இந்த மாதிரிக் களவு என் கண்ணுக்குத் தப்பாது. அதற்குக் காரணம் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தையும் கல்லூரி என்போம். நான் படித்தது கொஞ்சம். கல்லூரிக்கு ஒழுங்காகப் போனது உதைபந்தாட்டம் நடக்கும் நாள்களில்தான். அணியில் இடம் கிடைக்கவில்லை. விளையாடுகிறவர்களுக்கு இடைவேளையில் உறிஞ்சப் புளிப்புத் தேசிக்காய் வெட்டிக் கொடுக்கிற வேலை கிடைத்தது. பக்கத்துக் கல்லூரியோடு ஆடிய அன்று கொட்டுகிற மழை. எல்லாருடைய உடுப்பும் ஒரே செம்மண் நிறம். கடைசி ஐந்து நிமிடம், ஒன்றுக்கு ஒன்று. எதிரணிக் கோலுக்குப் பின்னால் நின்று கோலியைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்த எங்கள் பெடியள், பக்கத்தில் நின்ற என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்கள்.

"இறங்கடா! உந்த மழைக்கை ஆர் எண்ணப் போறான்?"

இறங்கினேன். நான் பந்தைத் தேடிப் போகவில்லை; அதுவே வந்து என் முழங்காலில் பட்டுக் கோலுக்குள் போய்விட்டது. எல்லாரும் ஓடிவந்து என்னைத் தூக்கினார்கள். அங்கேதான் காரியம் பிழையாய்ப் போனது. தூக்கியபோது என் காலில் கிடந்த செருப்பை நடுவர் கண்டுவிட்டார். வரிசையாக நிற்க வைத்து எண்ணினார். பன்னிரண்டு! கோலும் போனது, மானமும் போனது. அன்றிலிருந்து அந்தக் கல்லூரிப் பெடியள் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டால் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை கூட்டமாக எண்ணுவார்கள். பேர்கனில் இருக்கும் என் கூட்டாளி இன்றைக்கும் தொலைபேசியில், "என்னடா பன்ரண்டு, சுகமோ?" என்றுதான் தொடங்குவான்.

அப்படிப்பட்ட நான் ஹவுகெட்டோவில் சும்மா நிற்பேனா? மைதானத்துக்குள் நடந்துபோய், நடுவராக நின்ற பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு விரலைக் காட்டி, எனக்குத் தெரிந்த அளவு நோர்வேக்காரரின் நொஸ்க் மொழியில், "எட்டுப் பேர்!" என்று கத்தினேன்.

அவள் இனிமையாகச் சிரித்து, "யா, ஓத்தே" என்றாள். ஓம், எட்டுத்தான் என்கிறாள்! இவளும் களவுக்குக் கூட்டு என்று நினைத்தேன். பிறகு அபியின் பயிற்றுநர் வந்து பொறுமையாக விளங்கப்படுத்தினார். சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தில் நாலு கோல் பின்தங்கினால் அந்தப் பக்கம் ஓராளைக் கூடுதலாக இறக்கலாமாம். நாங்கள் மழையில் ஒளித்துச் செய்ததை இந்த நாட்டில் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்!

ரயிலுக்கு அபி எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தாள். ஏறியதும், "இனி வராதேங்கோ" என்றாள்.

வேறு வழியில்லாமல், அவளுக்கு இத்தனை நாளும் மறைத்த கதையை அவிழ்த்தேன். செருப்பு வந்த இடத்தில் அவளுடைய வாய் கோணியது. பன்னிரண்டு வந்தபோது, முன்னால் இருந்தவர் காதுக் கருவியைக் கழற்றிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அப்ப நீங்கள்தான் கள்ளன்!"

"அஞ்சு நிமிசம் மட்டும்தான், பிள்ளை."

"சரி, வாங்கோ. ஆனா கோட்டுக்கு வெளியிலை நிக்கவேணும். செருப்போடை வரக்கூடாது."

அடுத்த சனிக்கிழமை ரொம்சோஸில் அபியின் பக்கம் நாலு கோல் வாங்கியது. வெளியே இருந்த அபியைப் பயிற்றுநர் எட்டாவது ஆளாக இறக்கினார். ஓடிப்போனவள் பாதியில் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து எட்டு விரலைக் காட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, என்னுடைய எண்ணைக் காட்ட இரண்டு கைகளையும் உயர்த்தினேன். பத்து விரல்தான் இருந்தது. மிச்சம் இரண்டும் அந்தச் செம்மண் சேற்றுக்குள்ளேயே கிடக்கின்றன போல.