மீனைப் பிக்கிள் போட்ட கதை

நோயைக் காசு கொடுத்து வாங்கிவந்தவன் நான்தான். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்ப்பது என் வேலை. புது லாட் வந்தால் தனியாக நிறுத்தி, விளக்கடியில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு வரைக்கும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன். இருபது வருடமாக இதைச் செய்கிறவன், கடையில் வாங்கிய புது கோல்டு ஃபிஷ்ஷைக் கவர் தண்ணீரோடு நேராக வீட்டு மீன் தொட்டிக்குள் கவிழ்த்தேன். பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

நாலாம் நாள் எல்லா மீன்மேலும் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளி. ஒரு வாரத்தில் புதுசையும் சேர்த்து ஐந்து போய்விட்டன. மிஞ்சியது என் மனைவி ஆறு வருடமாக வளர்க்கும் ஆரஞ்சுக் கிழவி ஒன்றுதான். அதன் முதுகிலும் புள்ளி. மனைவி என்னைத் திட்டவில்லை. அது எவ்வளவு மோசமான அறிகுறி என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும். "இதுவாவது பிழைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. டாக்டராக ஆசைப்பட்டவன் நான், மார்க்குதான் ஒத்துழைக்கவில்லை. துணி ஊறவைக்கும் டப்பைத் தேய்த்துக் கழுவி, காலை வெயில் படும் இடத்தில் ஆஸ்பத்திரி திறந்தேன். பாத்திரம் தேய்க்கும் புது ஸ்பாஞ்சைப் பாட்டிலில் திணித்து, பழைய ஏர் பம்பை மாட்டினால் ஃபில்டர். ஹீட்டர் அவசியம் என்றது யூடியூப். ஏப்ரல் மாதம் எங்கள் பக்கம் ஹீட்டர் கேட்பவனைக் கடைக்காரரே கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விடுவார். கிழவியை டப்பில் விட்டு, லிட்டருக்கு இத்தனை கிராம் என்று யூடியூப் சொன்னபடி கல்லுப்பை நிறுத்து, இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தேன்.

மூன்றாம் நாள் காலை கிழவி அடியில் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போமா என்று உப்பு டப்பாவோடு நின்றேன்.

பக்கத்து வீட்டு பாய் எட்டிப் பார்த்தார். மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கழிவுநீர் சுத்தம் செய்யும் பிரிவில் இருப்பவர்.

"இன்னா சார், மீனை பிக்கிள் போடறீங்களா?"

பிக்கிள் என்பது தோலை உப்பிலும் ஆசிடிலும் ஊறவைக்கும் வேலை.

"வைத்தியம், பாய்."

"எந்தத் தண்ணி?"

"போர் தண்ணிதான்."

அவர் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். எங்கள் பக்கம் டிடிஎஸ் என்றால் சம்பளத்தில் பிடிக்கிற வரி அல்ல, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. முதலில் குழாய்த் தண்ணீரில் விட்டார், பிறகு டப்பில்.

"குழாயிலியே ஜாஸ்தி சார். அது பழகின மீனு, தாங்கும். அதுக்கு மேல நீங்க வேற கொட்டிக்கீறீங்க."

யூடியூப்காரர் எந்த ஊர் நல்ல தண்ணீரை மனதில் வைத்துச் சொன்னாரோ. வாய் கொப்பளிக்கும்போதெல்லாம் முகம் சுளிக்கிறவன், குடிக்கக் கேன் வாங்குகிறவன், மீனுக்குக் கணக்குப் போடும்போது மட்டும் போர் தண்ணீரை மறந்துபோனேன்.

"இப்ப இன்னா பண்றது?"

"கம்மி பண்ணுங்க. ஒரேயடியா மாத்தாதீங்க, பேஜாராய்டும்."

மனைவி உள்ளே போய்க் குடிதண்ணீர்க் கேனை உருட்டிக்கொண்டு வந்தாள். "இன்னைக்கு டீ கெடையாது," என்றாள். இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நான் ஒரு மக் எடுப்பேன், அவள் ஒரு மக் ஊற்றுவாள், பாய் மீட்டரை விட்டு நம்பர் சொல்லுவார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். நம்பர் இறங்க இறங்க, விக்கெட் விழுவதுபோல மூன்று பேரும் கத்தினோம். பகல் பதினொரு மணிக்குக் கிழவி ஒரு தடவை வாலை அடித்தது. பன்னிரண்டுக்கு நேராக நின்றது. "நிமிர்ந்துடுச்சுங்க," என்றாள் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு. பாய் மரியாதையாகக் குழாயைப் பார்த்தார்.

அவர் சொன்ன அளவிலேயே உப்பை நிறுத்தி, தினமும் தண்ணீரை மாற்றினோம். ஒன்பதாம் நாள் ஒரு புள்ளியும் இல்லை. மனைவி வேகவைத்த பட்டாணியைத் தோலுரித்துப் போட்டாள். கிழவி பாதியைத் தின்றது. உடனே பாய்க்குப் போன் அடித்தேன்.

"பாய், சாப்பிட்டுடுச்சு."

அங்கே மெஷின் சத்தம். "யாரு சார்?"

"மீனு. பாதிப் பட்டாணி."

"மீதி?"

"துப்பிடுச்சு."

"துப்புற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சா. அப்ப பொழச்சிக்கிச்சு சார்," என்றவர், அந்தப் பக்கம் திரும்பி, "டேய், மீனு நல்லா ஆய்டுச்சாம்," என்று சத்தமாகச் சொன்னார்.

"குழம்பா, வறுவலா?" என்று யாரோ கேட்டார்கள்.