கோட்டுக்கு எந்தப் பக்கம்

எழுபதுகளில் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு அசிஸ்டென்ட் வாத்தியாராகச் சேர்ந்தேன். பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் ஹெட்மாஸ்டர். அவர் வகுப்பின் பேப்பர் கட்டைத் திருத்துவது என் வேலை. அவர் நடத்துவதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

சமக் குறிக்குப் பதில் 'சிறியது', 'பெரியது' குறி வரும் அசமன்பாட்டுக்கு கிராஃப் போட அவர் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார். கோட்டைப் போடு, குறி 'சிறியது' என்றால் கீழே ஷேடு பண்ணு, 'பெரியது' என்றால் மேலே. y தனியாக நிற்கும் கணக்கில் அது சரி. x − y ≤ 2 என்று வந்தால் பல்லிளித்துவிடும், y-க்கு முன்னால் மைனஸ் இருக்கிறதே. கோட்டில் படாத ஒரு புள்ளியை, (0, 0) என்றே வைத்துக்கொள்ளுங்கள், போட்டுப் பாருங்கள். 0 − 0 பூஜ்யம். அது 2-ஐ விடச் சிறியது. ஆக (0, 0) இருக்கும் பக்கம்தான் விடை, அது கோட்டுக்கு மேலே இருக்கிறது. அரை நிமிஷ வேலை, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

செலக்ஷன் பரீட்சையில் இதே கணக்கு வந்தது. அதில் ஃபெயிலானால் பப்ளிக் பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள், பள்ளியின் பர்சென்ட் குறையக் கூடாதாம். வகுப்பே கீழே ஷேடு பண்ணியிருந்தது. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்த வசந்தா மட்டும் புத்தகத்தில் உள்ளபடி புள்ளி போட்டுப் பார்த்து மேலே பண்ணியிருந்தாள். முழு மார்க் போட்டேன். பார்டரில் பாஸ். ஹெட்மாஸ்டர் அதை அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டார். வசந்தா ஃபெயில்.

பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் ரூமுக்குப் போனேன்.

"சார், ஒரே ஒரு புள்ளி போட்டுப் பாருங்க."

"என்னய்யா, எனக்கே கணக்கு சொல்லித் தர்றியா? கிளாஸே தப்பு, அந்தப் பொண்ணு மட்டும் ரைட்டா?"

"ஆமா சார். புக்லயும் அப்படித்தான் இருக்கு."

"புக்கை எவனாவது எழுதுவான். இந்த ஸ்கூல்ல நான் சொல்றதுதான் ரைட்டு. போய் வேலையப் பாரு."

மறுநாள் வசந்தாவின் அப்பா என்னைப் பார்க்க வந்தார். வயலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நச்சரிச்சினே கீறாங்க சார். பரீட்சை எழுதட்டும்னு தள்ளிப் போட்டு வெச்சிருந்தேன். ஸ்கூலே அனுப்பலன்னுட்டா இன்னா பண்றது?"

"பிரைவேட்டா எழுதலாங்க, நான் பாத்துக்கறேன். உங்க பொண்ணு போட்ட கணக்கு சரிதாங்க."

"சரின்னா ஏன் சார் ஃபெயில் போட்டாங்க?"

கும்பிட்டுவிட்டுப் போனார். மாசியிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது.

பப்ளிக் பரீட்சையிலும் அதே மாதிரி கணக்கு. எங்கள் பிள்ளைகள் கீழே ஷேடு பண்ணிவிட்டு வந்தார்கள். ரிசல்ட் வந்ததும், "இந்த வருஷம் வேல்யூவேஷன் ரொம்ப டைட்டு" என்றார் ஹெட்மாஸ்டர். என்னை ஆறாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, குறியைப் பார்த்து ஷேடு பண்ணச் சொல்லாதீர்கள், புள்ளி போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் விடை சரியாக இருந்தால் மார்க் கிடைக்கும் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நான் வசந்தாவுக்குக் கொடுத்திருந்தேன்.