தம்பி வண்டியின் மாக்னெட்டோ

'ஒரிஜினல்' என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். காப்பிப்பொடிக் கடைக்காரன் 'ஒரிஜினல் பீபெரி மாமி' என்று சொன்னால்கூட, போடா என்று திரும்பி வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் அந்தச் சொல்லை அத்தனை பாடு படுத்தியிருக்கிறார்.

எனக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் திருவனந்தபுரம் வலியசாலையில்தான், அடுத்தடுத்த தெரு. அவர் சர்க்கார் ஆபீஸ் கிளார்க். காலையில் சந்தியாவந்தனம், பத்து மணிக்கு ஆபீஸ், நெற்றியில் விபூதி. பார்க்கிறவர்கள் சாது என்பார்கள். பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்கார மானேஜர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்றை, எடைக்குப் போடப்போகிற நிலைமையில் வாங்கிக்கொண்டு வந்தார். யுத்தத்துக்கு முந்தைய இங்கிலீஷ் வண்டி. அன்றைக்குப் பிடித்தது சனி. கொச்சியில் பழைய வண்டிக்காரர்கள் கூடி நடத்தும் போட்டியில் அதை நிறுத்திப் பரிசு வாங்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு சாமானும் அந்த வண்டிக்கென்றே அந்தக் காலத்தில் செய்ததாக இருக்க வேண்டும். லேத்தில் கடைந்து தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரன் சொன்னாலும், ஏதோ எச்சில் இலையைப் போட்ட மாதிரி முகத்தைச் சுளிப்பார்.

சாமான் தேடி அவர் போகாத இடமில்லை. வித்துராவுக்கு மேலே தோட்டத்துக் கூலிக்காரர்கள் லயத்தில் ஒருத்தி, மானேஜர் வண்டியின் ஹெட்லைட் கிண்ணத்தில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தாளாம். இவர் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அவள் மண்ணை வாரித் தூற்றினாள் என்று எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் தெருக்கோடியில் ஒரு மாமா காலமானார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய வண்டி துருப்பிடித்துக் கிடந்தது. பத்தாம் நாள் பெண்களெல்லாம் உள்ளே அழுதுகொண்டிருக்கும்போது, இந்த மனுஷன் கொல்லையில் குத்துக்காலிட்டு ஹார்னைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ஏன்னா, இது நன்னாருக்கா?" என்று கேட்டேன். "மாமா இருந்தா அவரே கையால எடுத்துத் தந்திருப்பார்" என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்.

இப்படியே எல்லாம் சேர்ந்தது. மாக்னெட்டோ ஒன்றுதான் குறை. அந்தக் கால வண்டிக்குத் தீப்பொறி கொடுப்பது இந்தச் சாமான்தான். இஞ்சினோடு சேர்ந்து சுற்றி, தானே மின்சாரம் உண்டாக்கும். அது செத்தால் வண்டி பிணம். அவருடையதில் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் உருகிப் போயிருந்தது. புதுக் கம்பி சுற்றித் தர ஆள் இருந்தது. சுற்றினால் ஒரிஜினல் இல்லையாம், வேண்டாம் என்றுவிட்டார்.

உயிரோடு இருந்த அதே மாதிரி மாக்னெட்டோ ஊரில் ஒன்றே ஒன்றுதான். அது என் தம்பியின் வண்டியில் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் இரண்டு மானேஜர்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வண்டி. அதில் ஒன்றைத்தான் தம்பி சின்ன வயதிலேயே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அது பொம்மை இல்லை, சோறு. ஆரியசாலையில் மொத்த மருந்து வியாபாரம் செய்த நாகர்கோவில்காரர் ஒருவரிடம் வேலை. நெடுமங்காடு, வித்துரா, அதற்கு மேலே தோட்டங்கள் என்று தினமும் வண்டியில் போய் ஆர்டர் எடுத்து வருவான். மழையில் நனைந்து, சேற்றில் விழுந்து, அவனே கழற்றி அவனே மாட்டி ஓட்டிய வண்டி.

ஒருநாள் கடை வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லாரி பின்னால் வந்து அவனைச் சுவரோடு நசுக்கியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவனுக்கு வயது இருபத்தாறு. வீட்டில் சம்பாதிக்கிறவன் அவன் ஒருவன்தான். அப்பா போய் வருஷமாகியிருந்தது.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. "ஓணம் வரைக்கும் வேற ஆளப் போட மாட்டேன். வண்டிய ஓட்டிக்கிட்டுக் கட வாசல்ல வந்து நில்லும், வேல ஒமக்குத்தான். முடியலன்னா என்னையக் குத்தம் சொல்லப்பிடாது, கேட்டீரா" என்றார்.

முடியும் என்று தம்பி நம்பினான். அதற்குக் காரணம் இருந்தது. அந்த வண்டிக்கு கியர் கையால் போடுவது, டேங்க் பக்கத்தில் நீளமாக ஒரு கம்பி. பிரேக் இடது காலில். வலது காலுக்கு உள்ள ஒரே வேலை, உதைத்துக் கிளப்புவது. "ஒரே ஒரு உதை அக்கா. கட்டைக்கால் வச்சுண்டு அதை நான் உதைச்சுட்டா, பாக்கியெல்லாம் செரியாயிடும்" என்பான். வேறு எந்த வண்டியும் அவனுக்கு உதவாது. இது ஒன்றுதான்.

மெட்ராசுக்குப் போய் அளவெடுத்து, கட்டைக்கால் செய்து, நடந்து பழகி வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பிறந்த வீட்டுக்குப் போனார். ரேழியில் நின்ற வண்டிக்கு ஆயில் போடுகிறாராம், துடைக்கிறாராம். அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மாப்பிள்ளைக்கு என்ன வாத்சல்யம் பாரு!" என்று ஒவ்வொரு வாரமும் அடை வார்த்துப் போட்டாள்.

ஒரு ஞாயிறு அவர் திரும்பி வந்ததும் என் சமையல் கிண்ணியில் பெட்ரோலை ஊற்றி எதையோ கழுவிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் மாக்னெட்டோ. அத்தனை நாள் அந்த இழவைப் பற்றியே கேட்டுக் கேட்டு, சாமான் எனக்கு நன்றாகவே தெரியும்.

"யாரோடது இது?"

"உன் தம்பியோடதுதான். என்னோடதை அதுல மாட்டிட்டேன். வெளியில பாத்தா வித்தியாசமே தெரியாது."

"அது செத்ததுன்னா!"

"ஆமா. ஒத்தைக் காலை வச்சுண்டு அவன் ஓட்டப் போறானாக்கும்? அங்க துருப்பிடிக்கறது இங்க ஓடட்டும்."

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு மாமி எட்டிப் பார்த்தாள். தெருவில் மானம் போகும் என்றதும் ஆள் இறங்கி வந்தார். கொச்சிப் போட்டி முடியட்டும், தம்பி ரயிலை விட்டு இறங்குவதற்குள் மாட்டிவிடுகிறேன் என்று பிள்ளையார் படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். கொச்சிக்கும் போனார். பரிசு கிடைக்கவில்லை. சீட்டின் தோல் புதுசாம். திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தம்பி வந்து சேர்ந்தான். இளைத்திருந்தான், ஆனால் முகத்தில் அப்படி ஒரு களை. மறுநாள் காலையில் வண்டியை உதைக்கப்போகிறேன் என்று சொல்லியனுப்பினான். கிளம்பும்போது இவரிடம், "மாட்டியாச்சா?" என்று கேட்டேன். "மாட்டியாச்சு, மாட்டியாச்சு. நச்சரிக்காதே" என்றார். பிள்ளையாரைத் தொட்ட கை ஆயிற்றே என்று நம்பினேன்.

வண்டியைத் தெருவில் இறக்கி ஸ்டாண்டில் போட்டார்கள். வாசலுக்கு வாசல் ஜனம். தம்பி ஏறி உட்கார்ந்தான். கட்டைக்காலைக் கையாலேயே தூக்கிக் கிக்கரில் வைத்து, எழும்பி மிதித்தான். கால் வழுக்கியது. திரும்ப வைத்தான். இரண்டாவது உதை சரியாக விழுந்தது. இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு விழுந்ததெல்லாம் நல்ல உதைதான். பெட்ரோல் வாசனை வந்ததே ஒழிய ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கட்டைக்காலின் தோல் வார் சதையை அறுத்து வேட்டியில் ரத்தம் தெரிந்தது. எதிர்வீட்டு மலையாளத்துப் பள்ளிக்கூட மாஷ், "மதி மோனே, மதி" என்று போதும் போதுமெனக் கையசைத்தார். அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "கால்ல பலம் இல்லடா. உதைக்கு ஒரு ஊக்கம் வேண்டாமா? கட்டை கட்டைதானே" என்றார். என்ன பரிவு!

தம்பி ஹாண்டிலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். தலையை எடுக்காமலே, "செரி அத்திம்பேர். கால்தான். இனிமே எனக்கு இது எதுக்கு? நீங்களே எடுத்துண்டு போங்கோ" என்றான்.

"இப்பவே ஆளை அழைச்சுண்டு வரேன்" என்றார் இவர். கண் டேங்கின் மேல் இருந்தது. "டேங்க் நன்னா இருக்கு, ஒரிஜினல் பெயிண்ட்."

அந்த அவசரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. சத்தியமாவது மண்ணாவது! பாவி மாட்டவே இல்லை. அவன் ரத்தம் வர வர உதைப்பதை, கிளம்பாது என்று தெரிந்தே நின்று பார்த்திருக்கிறார்.

"இறங்காதேடா!" என்று கத்தினேன். "உன் கால்ல ஒரு குறையும் இல்லை. அதுல இருக்கறது செத்த மாக்னெட்டோ. உன்னோடது எங்காத்து வண்டியில இருக்கு. இவர் மாத்திட்டார்."

தெருவே அவரைப் பார்த்தது. வேறொருவன் என்றால் கூசியிருப்பான். இவர் தோளைத் துண்டால் தட்டிக்கொண்டு, "மாத்தினேன், ஆமா. நொண்டி வண்டிக்கு நொண்டி மாக்னெட்டோ போறாதா?" என்றார்.

தம்பி இறங்கி, எங்கள் தெருவைப் பார்த்து நடந்தான். வார் கறக்கறக்கென்று சத்தம் போட்டது. பாதித் தெரு பின்னால் வந்தது. எங்கள் கூடத்தில் அந்த வண்டி பட்டுத்துணி போர்த்தி நின்றது. துணியை இழுத்துப் போட்டுவிட்டு ஏறினான். மூன்றாவது உதையில் கிளம்பியது. வீடு அதிர்ந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

"இறங்குடா, பெயிண்ட் போயிடும்!" என்று இவர் அலறினார்.

தம்பி இஞ்சினை அணைத்தான். "அக்கா, டூல்ஸ் பெட்டி."

அந்தப் பெட்டியை நான் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தேன். கட்டைக்காலோடு தரையில் உட்கார முடியாது. வாரை அவிழ்த்து, காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சூடு ஆறாத இஞ்சினில் கை வைத்துத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான். விரல் பொரிந்தது. விடவில்லை. மாக்னெட்டோ கையோடு வந்தது.

இவர் அப்போது செய்ததை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். குனிந்து தம்பியின் காலை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அதைத் திரும்பி மாட்டு. மாட்டிட்டு இதை வாங்கிண்டு நடந்து போ. இல்லாட்டா தவழ்ந்து போ."

வாசலில் இருந்த ஒருவரும் உள்ளே வரவில்லை. அடுத்தவன் வீட்டு விவகாரமாம். தம்பி மாக்னெட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, வேட்டிக்கு வெளியே தெரிந்த குறைக்காலை மூடப் பார்த்தான். அதுவரை அவன் அதை எனக்குக்கூடக் காட்டியதில்லை.

பெட்டியில் சுத்தியல் இருந்தது. எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் போனேன். "காலைக் கீழ வைங்கோ" என்றேன்.

"உனக்கு அவ்வளவு தைரியமாடீ?"

டேங்கின் மேல் ஓங்கி ஒரு போடு போட்டேன். பெயிண்ட் தெறித்து, உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் விழுந்தது. "ஐயோ!" என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், அவர் அம்மா செத்தபோது அந்தக் குரல் வரவில்லை. நான் மறுபடி ஓங்கினேன். காலைக் கீழே வைத்துவிட்டார்.

தம்பி அதைக் கட்டிக்கொண்டு எழுந்தான். மாக்னெட்டோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனான். ஓணத்துக்கு முன்னாலேயே ஆரியசாலைக் கடை வாசலில் வண்டியோடு போய் நின்றான். வேலை அவனுக்குத்தான் கிடைத்தது. எங்கள் வீட்டுப் படியை அதற்குப் பிறகு அவன் மிதிக்கவில்லை. அவனைப் பார்க்க வேண்டுமானால் நான்தான் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும்.

என் வீட்டுக்காரர் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார். சோறு வேண்டுமென்றால் தட்டை நகர்த்துவார். நானும் நகர்த்தின தட்டில் போட்டேன். பள்ளத்தை எடுக்கப் பட்டறைக்காரனைக் கூட்டி வந்தார். உள்ளிருந்து தட்டி, ஈயம் நிரப்பி, பெயிண்ட் அடித்தால் தெரியாது என்று அவன் சொன்னான். அப்புறம் அது ஒரிஜினல் இல்லையே. துரத்திவிட்டார். வேறு டேங்க்தான் போட வேண்டும். பம்பாய், கல்கத்தா என்று கடுதாசி எழுதிப் பார்த்தார், கிடைக்கவில்லை. அந்த மாதிரி டேங்க் ஊரில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. தினமும் காலையில் அவர் ஆபீசுக்குக் கிளம்புகிற நேரத்துக்கு அது எங்கள் வாசல் வழியாக வித்துராவுக்குப் போகும். சத்தம் கேட்டதும் அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவேன்.