முதல் அமுக்கிலேயே கிளம்பிய வண்டி

முத்தையா அண்ணாச்சி போய்விட்டார் என்ற செய்தி ஜனவரி மாதத்து விடியலில், நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வந்தது. போனில் அவர் மனைவி மல்லிகா அண்ணி. "தம்பி, இவிய வாக்கிங் போக ஷூ மாட்டிக்கிட்டே சாஞ்சிட்டாவ. டாக்டர் வந்து பாத்தாச்சு" என்றார். ஒரு ஷூவுக்குக் கயிறு கட்டியாகிவிட்டதாம், இன்னொன்றுக்கு இல்லையாம்.

வாயில் நுரையோடு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கீழே ஓடினேன். மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் பார்க்கிங்கில் கம்பளி போர்த்தி நிற்கிறது என் பழைய ஸ்போர்ட்ஸ் பைக். டில்லிக் குளிர் எப்படி அடித்தாலும் முதல் அமுக்கிலேயே கிளம்பும் என்று நான் ஊர் பூராவும் பீற்றிக்கொண்ட வண்டி. கம்பளியை உருவி, பட்டனை அமுக்கினேன். முனகியது. சோக்கை இழுத்து மறுபடி அமுக்கினேன். முனகல்கூட இல்லை. இன்ஜினில் கை வைத்தால் பனிக்கட்டி.

கேட் காவலில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்த சௌகிதார் ராம்தீன் எழுந்து வந்து, "ஆஜ் அண்ணாஜி நஹீன் ஆயே?" இன்றைக்கு அண்ணாஜி வரவில்லையா என்று கேட்டார். இன்றைக்கு மட்டும் இல்லை பையா, இனிமேல் வரவே மாட்டார் என்று பாதி தமிழிலும் பாதி இந்தியிலும் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். பாதி வழி போன பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. அண்ணாச்சி வீடு எங்கள் குடியிருப்பிலிருந்து மூன்று தெரு தள்ளி. விடிகிற நேரத்தில் அவர் எதற்கு என் பார்க்கிங்குக்கு வர வேண்டும்?

அவரோடு பழகியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணாச்சிக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எங்கள் ஆபீஸ் ரெக்கார்டு செக்‌ஷனில் அவருடைய நாற்காலியின் குஷன் மட்டும் கடைசிவரை புதிதாகவே இருந்தது. கல்யாண வீடுகளில் பந்தி நடக்கும்போது, அவர் வெளியே நின்று யாரோ ஒருவருடைய வண்டியின் செயினை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். "உக்காந்தா துருப் பிடிச்சிரும் வே" என்பார், மனுஷனுக்கும் சேர்த்து.

வண்டியை அவரிடமிருந்துதான் வாங்கினேன். பதினோரு வருஷம் ஆகிறது. யமுனைப் பாலத்தில் ஒரு பஸ் உரசி அவருடைய தோள்பட்டை உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அண்ணி அவருடைய நல்ல கையைப் பிடித்து மகள் நித்யாவின் தலையில் வைத்து, இனிமேல் பைக் ஓட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார். மகள் தலையில் அடித்த சத்தியம். அதற்கு மேல் அண்ணாச்சி என்ன பேசுவார்? அடுத்த வாரமே வண்டி என் கைக்கு வந்தது. சாவி ஒன்றுதான் கொடுத்தார். டூப்ளிகேட் எங்கே என்று கேட்டேன். "அது தொலைஞ்சு போச்சு வே" என்று வானத்தைப் பார்த்தார்.

அந்த வண்டிக்கும் எனக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. அதை ஓட்டுகிறவன் பெட்ரோல் டேங்க்மேல் குப்புறப் படுக்க வேண்டும். அந்த இடத்தில் ஏற்கெனவே என் தொப்பை இருந்தது. பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது என் மகள் ஒரு திருப்பம் முன்னாலேயே, "அப்பா, ப்ளீஸ், யஹீன் ரோக் தோ" என்று நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொள்வாள். நான் ப்ளஸ் டூவோடு நின்றவன். ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதையே திருகிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அப்படிப்பட்ட ஆள் இத்தனை வருஷம் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக்கை வைத்துக் காப்பாற்றினேன் என்றால், விற்றவர் என்னை விடவில்லை என்று அர்த்தம்.

பின் சீட்டில் ஏறிக்கொள்வார். சத்தியம் என்ன ஆச்சு அண்ணாச்சி என்று கேட்டால், "ஓட்டமாட்டேன்னுதான் சொன்னேன். உக்காரமாட்டேன்னு சொல்லலியே" என்பார். அந்த ஒரு இடத்தில்தான் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது, அங்கேயும் சும்மா இருக்கமாட்டார். கியர் மாற்ற வேண்டிய நேரத்தில் என் தோளில் தட்டுவார். நான் மாற்றவில்லை என்றால் இன்னும் பலமாகத் தட்டுவார். உதிரிபாகம் வாங்கக் கரோல் பாக் போய்ச் சேர்வதற்குள் என் இடது தோள் வீங்கிவிடும். அங்கே கடை கடையாக ஏறுவோம். அந்த மாடலைக் கம்பெனிக்காரர்களே மறந்துவிட்டார்கள். முன் ஃபோர்க்கின் ஆயில் சீல் ஒரு கடையில் கிடைக்கும், ஹெட்லைட் கண்ணாடி இன்னொரு கடையில், அதுவும் வேறு வண்டிக்கு உள்ளதாக. பக்கவாட்டு உறை விரிசல் விட்டபோது கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அண்ணாச்சி பழுக்கக் காய்ச்சிய கம்பியால் விரிசலின் இரண்டு பக்கமும் துளை போட்டு, பிளாஸ்டிக் பட்டையால் தையல் போட்டார். "ஆபரேஷன் பண்ண தழும்பு மாதிரி இருக்கு" என்றேன். "எனக்குந்தான் தோள்ல இருக்கு. நான் ஓடலியா?" என்றார்.

இனி கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். வண்டி வாங்கின முதல் குளிர்காலத்தில் ஒரு பழைய கம்பளியை இன்ஜினும் டேங்கும் மூடும்படி போர்த்திவைத்தேன். மறுவாரமே ஒரு அதிசயம் பார்த்தேன். ஆபீஸ் கிளம்பும்போது கம்பளியை விலக்கினால் இன்ஜினில் இளஞ்சூடு. பட்டனை அமுக்கினால் ஒரே அமுக்கு. பக்கத்தில் புதுப் புது வண்டிக்காரர்கள் எல்லாம் உதைத்து உதைத்துக் கால் வீங்கிக்கொண்டிருப்பார்கள். எனக்கு ஏறிய கர்வத்தைக் கேட்காதீர்கள். இராத்திரிச் சூட்டைக் கம்பளி பிடித்துவைத்துக்கொள்கிறது என்று பார்க்கிங்கில் நின்று பிரசங்கமே செய்தேன். இன்றைக்கும் எங்கள் பிளாக்கில் ஏழெட்டு வண்டிகள் குளிர் வந்தால் கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் ஒன்றாவது முதல் அமுக்கில் கிளம்பியதாக நான் கேள்விப்படவில்லை. உங்களுக்குப் போர்த்தத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அண்ணாச்சியிடமும் பீற்றிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பராமரிப்புன்னா உம்மகிட்டதான் வே படிக்கணும்" என்றார்.

கடைசி ஒரு வருஷமாக எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான். வருகிற மாதத்தோடு வண்டிக்குப் பதினைந்து வயது முடிகிறது. அதற்குமேல் பெட்ரோல் வண்டி டில்லி ரோட்டில் ஓடக் கூடாது. ஒன்று ஸ்க்ராப்புக்குப் போட வேண்டும், இல்லை என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். ஸ்க்ராப் என்றால் வீட்டு வாசலுக்கே ஆள் வந்து தூக்கிக்கொண்டு போவான். என்.ஓ.சி. என்றால் நான் அலைய வேண்டும். என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எந்தக் கட்சி என்று புரிந்திருக்கும். அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. டீக்கடையில், மெட்ரோ படியில், ஆபீஸ் லிஃப்டில் என்று எங்கே பார்த்தாலும் பிடித்துக்கொள்வார். நம்ம ஊர்ப் பக்கம் அனுப்பினால் ஃபிட்னஸ் பார்த்து மறுபதிவு செய்து தருவார்கள், இன்னும் பல வருஷம் ஓடும் என்பார். போவதற்கு முந்தின சாயங்காலமும் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒரே அமுக்குல கெளம்புத வண்டிய எவனாவது ஒடைக்கக் குடுப்பானா வே?"

சரி பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு ராம்தீனிடம் விசாரித்தேன். குளிர்காலம் முழுக்க, வருஷா வருஷம், அண்ணாச்சி வாக்கிங் வருகிற வழியில் எங்கள் பார்க்கிங்குக்கு வருவாராம். கம்பளியை எடுத்து மடித்து வைப்பாராம். ஸ்டாண்டில் நிற்கிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, டேங்க்மேல் குனிந்து, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவாராம். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, மறுபடி கம்பளியைப் போர்த்திவிட்டுப் போவாராம். ஒரு நாள்கூட வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கியதில்லை. வண்டி அண்ணாச்சியுடையது, நான்தான் ஆபீஸ் போக இரவல் வாங்குகிறேன் என்றே ராம்தீன் இத்தனை காலமும் நினைத்திருக்கிறார்.

அன்று மாலை அண்ணியைப் பார்க்கப் போனேன். அவர் என் உள்ளங்கையில் ஒரு சாவியை வைத்தார். "ஒங்க வண்டிச் சாவி தம்பி. இவிய ஸ்வெட்டர் பையில கெடந்துச்சு."

உங்களுக்குத் தெரியுமா அண்ணி என்று கேட்டேன்.

"வாக்கிங் போறேன்னுதான் போவாவ. வரும்போது கையில பெட்ரோல் வாடை அடிக்கும். வாக்கிங்ல எந்த ஊர்ல தம்பி பெட்ரோல் வாடை அடிக்கும்?"

அவர் சத்தியத்தை மீறவில்லை, கேட்டைத் தாண்டியதே இல்லை, சௌகிதார் சாட்சி என்று நான் அவசர அவசரமாகச் சொன்னேன்.

"ஓட்டலன்னு தெரியும். ஓட்டியிருந்தா மூஞ்சியிலயே தெரிஞ்சிருக்கும்லா." அண்ணாச்சியின் ஸ்வெட்டரை எடுத்து மடித்தார். "ஒரு நாளாவது ஓட்டியிருக்கலாம். நான் கேட்டிருக்கமாட்டேன்."

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் நித்யா, காரியத்துக்கு வந்திருந்தபோது வண்டியைக் கேட்டாளாம். ஏற்கெனவே அங்கே ஒரு பைக் வைத்து ஓட்டுகிறவள்தான். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று பயந்துகொண்டே கேட்டேன். "அவ தலையில அடிச்சு அவியகிட்ட சத்தியம் வாங்குனேன். அவகிட்ட எதையும் வாங்கலியே" என்றார் அண்ணி.

அப்புறம் நான் அலைந்தேன். என்.ஓ.சி. கைக்கு வந்துவிட்டது. ரயில் பார்சலில் போட டேங்கைக் காலி செய்து, சாக்குச் சுற்றிக் கட்ட வேண்டுமாம். அது அடுத்த வாரம். அதுவரைக்கும் என்ன செய்வது? இந்த மனுஷன் போனதிலிருந்து எனக்கும் விடிகாலையில் படுக்கை கொள்ளவில்லை. புரண்டு பார்த்துவிட்டு எழுந்து கீழே போய்விடுகிறேன். கம்பளியை மடித்து வைத்து, வண்டியில் ஏறி உட்கார்ந்து இன்ஜினை ஓடவிடுகிறேன். தொப்பை இடிக்கிறது. இடது தோளில் யாராவது தட்ட மாட்டார்களா என்று இருக்கிறது. காலையில் ஆபீஸ் கிளம்பும்போது ஒரே அமுக்குதான். வண்டி என்னுடையது என்று ராம்தீன் இப்போதுதான் நம்ப ஆரம்பித்திருக்கிறார்.

நேற்று நித்யா போன் செய்தாள். பார்சல் எப்போது வரும், பேப்பர் எல்லாம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, "சாவி ரெண்டும் அனுப்பிருங்க சித்தப்பா" என்றாள்.

நான் பால்கனியில் நின்று வானத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணுதாம்மா இருக்கு. டூப்ளிகேட் தொலைஞ்சு போச்சு" என்றேன். ஸ்வெட்டர் பைக்குள் அது என் விரலைக் குத்திக்கொண்டிருந்தது.