மாரியண்ணன் டீ குடித்த நேரம்

2025 மார்ச் 11, செவ்வாய். ஐந்தரைக்கு எழுந்தேன். செடிகளுக்குத் தண்ணீர், ஒரு மாத்திரை, சூலியா தெருவில் இரண்டு தோசை. ஏழே முக்காலுக்கு, பட்டர்வொர்த் பக்கம் பாகான் டாலாமிலிருந்து மாரியண்ணன் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இடுப்பு எலும்பு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டு வருதாம். ஆழத்துல முக்குளிச்சீங்களா, இல்ல நெறைய குடிப்பீங்களான்னு டாக்டர் கேட்டாரு. இரும்புச் சட்டையிலதான் எறங்குனேன்னு சொல்லிட்டேன். அப்ப குடிதான்னு உங்கக்கா முடிவு பண்ணிட்டா லா. பீர் வாசனையே எனக்கு ஆகாது. நாலு நாளா டீகூட போட்டுத் தரல. கப்பல்ல வேற எதனாச்சும் நடந்துச்சான்னு உன் டைரியப் பாரு."

டைரியைத் திறந்ததும் டீசல் வாசனை. 1994இல் பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட்ட ஒரு வேலைக் கப்பலில் நான் பதிவு எழுத்தர், மாரியண்ணன் முக்குளிப்பவர். இரும்புச் சட்டை என்றோமே தவிர, அது ஆளை முழுக்க மூடும் அலுமினியக் கவசம். எத்தனை ஆழத்திலும் அதற்குள் கரையில் உள்ள அதே காற்றழுத்தம்தான். ஏறியதும் கழற்றிப் போட்டுவிட்டு நடக்கலாம். ரப்பர் உடை என்றால் உடம்பே கடலின் அழுத்தத்தைத் தாங்கும். எலும்பைக் கெடுப்பது அதுதான். மேலே வந்ததும் 'டாங்கி' என்ற அழுத்த அறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் படுத்திருக்க வேண்டும்.

கப்பலில் ஒரு படப்புத்தகம் கிடந்தது. கைக்கு ஓட்டை போட்ட மரப் பீப்பாயில் குப்புறப் படுத்து இறங்கிய ஓர் ஆள், தலை முழுக்கக் கண்ணாடிக் கண்கள் வைத்த ஒரு பிரெஞ்சுக் கவசம். கவசம் செய்த பலரும் தடுமாறிய இடம் மூட்டு. ஆழம் கூடினால் முழங்கை மடங்காது, மடங்கினால் ஒழுகும். எண்ணெய் நிரப்பிய மூட்டு வந்தபிறகுதான் கவசக்காரன் கடலடியில் கையை மடக்கினான். இதையெல்லாம் நான் விளக்கினால் மாரியண்ணன், "சரி லா, நீயே எறங்கேன்" என்பார். எங்கள் வாடகைச் சட்டைக்கும் இடது முழங்கை ஒழுகும்.

கப்பல் பதிவேட்டை அன்றன்றே டைரியில் நகல் எடுப்பது என் பழக்கம். அவர் இறங்கியது பதினோரு நாள். 'உடை' என்ற கட்டத்தில் முதல் நாள் 'இரும்பு'. கீழே பத்து நாளும் 'மேற்படி' குறி, ஸ்கேல் வைத்ததுபோல் நேராக. முதலில் பெருமையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: முழங்கை ஒழுகிய நாட்களில் சட்டை எப்படி இறங்கியிருக்கும்? கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று கை பழக்கத்தில் குறி போட்டுவிட்டேனா? ஈரத்தலையோடு அவரைப் பார்த்ததாக ஒரு நினைவு; இரும்புச் சட்டைக்குள் தலை நனையாது. அது எந்த நாள்? ரப்பர் உடையில் இறங்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்கிறார். ஆனால் கல்யாண வீடுதோறும் இரும்புச் சட்டைக் கதையைச் சொல்லிச் சொல்லி, மற்றதை அவரே மறந்திருக்கலாம். என்னை நம்புவதா, அவரை நம்புவதா? குழப்பத்தில் மதியச் சாப்பாடு நாற்பது நிமிடம் தாமதம்.

நான்கு மணிக்குத்தான் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த டீ நேரங்களைக் கவனித்தேன். மேலே வந்தால் அவருக்கு முதலில் டீ வேண்டும், கொண்டுபோவது நான். அதையுமா குறிப்பான் ஒருவன்? குறித்திருக்கிறேன். ஏழு நாள், ஏறிய பத்து நிமிடத்தில் டீ. மற்ற நான்கு நாள், ஏறியது 3.05, டீ 4.40 என்பதுபோல. ஆறிப்போன டீயோடு டாங்கியின் வட்டக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. உள்ளே ஈரத்தலையோடு அவர், கோப்பை பிடிப்பதுபோல் விரலால் சைகை காட்டினார்.

அந்தக் கப்பலை உடைத்துவிட்டார்கள். கம்பெனியின் கிடங்கு இப்போது கார் நிறுத்துமிடம். பதிவேடும் சட்டையும் எங்கே போயின என்று கேட்க ஆளில்லை.

மறுநாள் காலை, செடிகளுக்குத் தண்ணீர் விடும் முன்பே, அண்ணனின் மனைவி லெட்சுமி அக்காவை அழைத்தேன். நான்கு தேதிகளையும் நேரங்களையும் படித்தேன். அந்த நான்கு நாளும் ரப்பர் உடைதான், 'மேற்படி' குறி போட்ட தப்பு என்னுடையது, அண்ணன் குடிக்கவில்லை, பக்கங்களை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன்.



"போன வையி தம்பி. அவருக்கு டீ போடணும் லா."