கட்டு அவிழாத நாற்காலிகள்

கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுபவரை எல்லோரும் ‘சேர்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் கட்சி கேட்டாலும் நாற்காலி போகும். மனசு மட்டும் ஒரே கட்சியோடு. அதன் பத்திரிகையை இருபது வருடமாக ஓர் எழுத்து விடாமல் படிக்கிறார். மனைவி வாங்குவதோ எதிர்க்கட்சிப் பத்திரிகை. எது புளுகுகிறதோ அதை நிறுத்திவிடுவது என்று போன வாரம் இருவரும் பந்தயம் கட்டினார்கள்.

நேற்று அவர் கட்சிக் கூட்டம். ‘பத்தாயிரம் பேர் திரண்டனர்’ என்றது அவர் பத்திரிகை. ‘ஈ காக்கா இல்லை’ என்றது அவளுடையது.

“நாற்காலியைப் பாத்துடலாங்க” என்று அவள் கிடங்குக்கே வந்துவிட்டாள்.

கூட்டத்துக்குப் போனவை நானூறு. நூற்றைம்பது, அவர் போட்ட கயிற்றுக்கட்டு அவிழாமலே திரும்பியிருந்தன. மீதி இருநூற்றைம்பதின் கால்களில் மைதானத்துச் சேறு.

“ஒரு நாற்காலில நாப்பது பேரா உக்காந்தாங்க?”

“மத்தவங்க நின்னிருப்பாங்க.”

“நூத்தம்பது நாற்காலி சும்மா கெடக்கும்போதா?”

சேர்காரர் அசடு வழிந்தார். ஆனாலும் விடவில்லை. “உன் பேப்பர் மட்டும் யோக்கியமா? ஒரு ஈ காக்காகூட வராமலேயா நாற்காலிக் கால்ல இவ்வளவு சேறு அப்பிச்சு?”

பந்தயப்படி இரண்டையும் நிறுத்த வேண்டும். பேப்பர் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது.

“நிறுத்த வேணாம், மாத்திப் படிப்போம்” என்றார்.

இப்போது அவள் பத்திரிகையை அவர் படிக்கிறார், அவருடையதை அவள். ஒரு புளுகும் தப்புவதில்லை. இருவரும் படித்து முடிக்கும்வரை நாற்காலி கேட்டு வருபவர்கள்தான் வாசலில் கால் கடுக்க நிற்கிறார்கள்.